காசு கைக்கு வரட்டும், கையெழுத்து பிறகு!

மேசைமீது மூன்று தாள்கள். முதல் தாள், விசாவை நீக்குவதற்கு. இரண்டாம் தாள், பள்ளிக்கூடத்துப் பொருள்களை ஒப்படைத்துவிட்டதற்கு. மூன்றாம் தாள்தான் முக்கியமானது. அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும் அந்தத் தாளின் சாரம் ஒரே வரி: எனக்குச் சேரவேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனிப் பாக்கி ஏதும் இல்லை!

எதிரே நிற்கிறார் ஆசிரியை. ஆறாண்டுக் காலம் பாடம் நடத்தியவர். கையில் இன்னும் ஒரு காசும் வந்தபாடில்லை. “பணம் பிறகு வங்கிக்கு வந்துவிடும், கையெழுத்தைப் போடுங்கள். போட்டால்தான் விசா முடியும், விசா முடிந்தால்தான் விமானம்” என்கிறார் அலுவலகக்காரர். நாளை இரவு விமானம். ஊரிலே தாய் வழிபார்த்துக் கிடக்கிறாள். என்ன செய்வார்? பேனா ஓடுகிறது; கையெழுத்து விழுகிறது. ஆறாண்டு உழைப்பின் கடைசிப் பங்கு அந்த ஒரு கோட்டிலே கரைந்து போகிறது!

இது ஒருவருடைய கதையல்ல. அக்கரைச் சீமையிலிருந்து திரும்பி வருகிறவர்கள் வாயால் ஊர்தோறும் கேட்கிற கதை. ஆள் மாறும், ஊர் மாறும். மூன்றாம் தாள் மட்டும் மாறுவதில்லை.

பனமரத்துப்பட்டிக்கும் அந்தப் பாலைவனத்து மேசைக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. சொல்கிறோம், கேளுங்கள்.

ஜருகுமலை அடிவாரத்திலே கிடக்கிறது நம் பனமரத்துப்பட்டி. 1911ஆம் ஆண்டில் சேலம் நகரத்தின் தாகம் தீர்ப்பதற்காகக் கட்டப்பட்ட ஏரி இங்கேதான் இருக்கிறது. நகரம் குடித்தது, ஏரி பின்னாளில் ஆண்டுக்கணக்கில் வறண்டது, சீமைக் கருவேலம் மண்டியது. அந்த மண்ணிலும் உழவன் உட்கார்ந்துவிடவில்லை. அரளி போட்டான். விடியுமுன் எழுந்து மொட்டுப் பறித்துச் சேலம் பூச்சந்தைக்கு அனுப்பினான். பூப்பறித்த கைகளும், தறியிலே நாடா எறிந்த கைகளும், நாமக்கல் லாரியின் சக்கரத்தைப் பிடித்து வடநாடு வரை ஓட்டிய கைகளும் சேர்ந்துதான் பிள்ளைகளைப் பட்டப்படிப்பு வரை, பி.எட். வரை படிக்கவைத்தன.

படித்த பிள்ளைக்கு இங்கே என்ன கிடைக்கிறது? அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தனியார் பள்ளியில் கிடைக்கிற சம்பளமோ, வட்டி கட்டவே வாய்க்கும் வயிற்றுக்கும் சண்டை மூட்டுகிற சம்பளம். ஆகவே அந்தப் பெண் துபாய்க்குப் போகிறாள், ரியாத்துக்குப் போகிறாள், மாலத்தீவுக்குப் போகிறாள். போகிறவள் ஆசிரியை, அனுப்பி வைத்தவன் பாட்டாளி. அங்கே அவளுடைய கடைசிச் சம்பளம் பறிபோனால், இங்கே பறிபோவது லாரி ஓட்டியவன் இரவுத் தூக்கமும் பூப்பறித்தவள் முதுகெலும்பும்தான். ஆகவேதான் எழுதுகிறோம்.

“மாதம் பிறந்தால் திர்ஹம் எண்ணுகிறவர்களுக்கு நாம் ஏன் அழவேண்டும்?” என்று கேட்கும் குரலும் நம் காதில் விழாமல் இல்லை. அந்தக் குரலுக்குரியவர் முதலாளி அல்லர், நம்மவரே. ஆலையிலே நிற்பவன்தான் தொழிலாளி, கரும்பலகை முன் நிற்பவர் வேறு சாதி என்று நம்மவர் மனத்திலேயே ஒரு பிரிவினை பதிந்து கிடக்கிறது. அந்தப் பிரிவினையால் யார் பயனடைந்தார்கள் தெரியுமா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1988இல் கோவாவிலே வேலையிழந்த ஓர் ஆசிரியை தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் நியாயம் கேட்டுச் சுப்ரீம் கோர்ட் வரை போனார். கிடைத்த தீர்ப்பு என்ன? ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்கிற தொழிலாளி அல்லர். கற்பித்தல் என்பது உன்னதமான பணி! அதன்பின் 2004 ஜனவரியில், பணிக்கொடைச் சட்டம் சொல்கிற ஊழியர் என்ற வரையறைக்குள்ளும் ஆசிரியர் வரமாட்டார் என்று அதே உச்சநீதிமன்றம் கூறியது. உன்னதம் என்று புகழ்வது; உரிமை என்று கேட்டால் ஒதுக்குவது! மாலை போட்ட கையாலேயே மடியைத் தடவுகிற வேலை என்று நம் ஊர்ப் பாட்டி சொல்லமாட்டாளா?

ஆனால் ஆசிரியர்கள் ஓய்ந்துவிடவில்லை. அமைப்புகள் குரல் கொடுத்தன. 2009இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 1997 ஏப்ரல் 3ஆம் நாள் முதற்கொண்டே ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்று முன்தேதியிட்டு எழுதியது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் விட்டனவா? வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டு 29ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தன் பெயரைச் சட்டத்திலே எழுதவைக்க ஆசிரியருக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன. 2025 நவம்பர் 21 முதல் பழைய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்து அமர்ந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். பட்ட பாடு மறக்கக்கூடாது.

பணிக்கொடை! அந்தப் பெயரிலேயே பிழை இருக்கிறது. கொடையா அது? கர்ணன் அள்ளித் தந்ததா, பாரி தேரைத் தந்ததா? மாதாமாதம் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த கூலியின் ஒரு பகுதி. போகும்போது தருகிறேன் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிற கடன். கடனைக் கொடை என்று பெயர் சூட்டிவிட்டால் வாங்குகிறவன் கைகட்டி நிற்பான், கொடுக்கிறவன் மார்தட்டி நிற்பான். நம் தோழர்கள் முதலில் இந்தச் சொல்லின் மயக்கத்திலிருந்து விடுபடவேண்டும்.

சரி, அக்கரையிலே சட்டம் என்ன சொல்கிறது? சட்டமே இல்லாத காட்டுக்கா நம் பிள்ளைகள் போகிறார்கள்? இல்லை. சட்டம் இருக்கிறது, அது நம்மவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் அங்குள்ள சில நிர்வாகங்களுக்கு முதலீடு.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையிலுள்ள தொழிலாளர் சட்டத்தின்படி, ஓராண்டு முடித்த வெளிநாட்டு ஊழியருக்கு முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளம் பணி முடிவுத் தொகையாகச் சேரவேண்டும். தானே ராஜினாமா செய்தாலும் இந்தத் தொகை குறையாது. எடுக்காத விடுப்புக்கும் சம்பளம் உண்டு. வேறு வேலைக்குப் போகாமல் ஊர் திரும்புகிறவருக்கு விமானச் செலவும் பொதுவாக நிர்வாகத்தையே சேரும். அனுபவச் சான்றிதழைக் கட்டணமின்றித் தரவேண்டும். இவையெல்லாம் எத்தனை நாளில்? ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள்!

சவூதி அரேபியாவிலோ முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். நிர்வாகம் வேலையை முடித்தால் ஒரு வாரத்துக்குள், ஊழியர் தாமே முடித்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் கணக்குத் தீர்க்கவேண்டும். கத்தாரில் ஆண்டுக்கு மூன்று வார அடிப்படைச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது பணம் எங்கே நழுவுகிறது? கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். தோழர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

துபாயிலே ஒரு பள்ளியில் நம் ஆசிரியைக்கு மாதம் 6,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்திலே அதை எப்படி எழுதுகிறார்கள்? அடிப்படைச் சம்பளம் 3,000. மீதி வீட்டுப்படி, போக்குவரத்துப்படி. அடிப்படை 3,000 என்றால் நாளொன்றுக்கு 100 திர்ஹம். முதல் ஐந்தாண்டுக்கு 21 நாள் வீதம் 105 நாள், அதாவது 10,500. ஆறாம் ஆண்டுக்கு 30 நாள், 3,000. ஆக மொத்தம் 13,500 திர்ஹம். முழுச் சம்பளமும் அடிப்படையாக இருந்திருந்தால் 27,000 வந்திருக்கும். சரிபாதி போயிற்று! எப்போது போயிற்று? வேலையை விட்ட நாளிலா? இல்லை. ஏஜெண்டின் அறையிலே, “கைக்கு ஆறாயிரம் வரும், போதாதா?” என்ற பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாரே, அந்த நாளிலேயே போயிற்று. எத்தனை வரும் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, அதிலே அடிப்படை எத்தனை என்று கேட்கத் தெரியவில்லை.

சவூதியிலே பொறி வேறு விதம். மாதம் 6,000 ரியால் சம்பளம், ஆறாண்டு வேலை. ஒப்பந்தக் காலம் முடிந்து விலகினால் முதல் ஐந்தாண்டுக்கு 15,000, ஆறாம் ஆண்டுக்கு 6,000. மொத்தம் 21,000 ரியால். அதே ஆசிரியை ஒப்பந்தம் முடியுமுன் ராஜினாமா என்று எழுதிக்கொடுத்தால்? ஐந்தாண்டுக்கு மேல் பத்தாண்டுக்குள் வேலை பார்த்து ராஜினாமா செய்தவருக்கு மூன்றில் இரண்டு பங்குதான்; 14,000 ரியால். ஒரு சொல்லின் விலை 7,000 ரியால்! இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை பணியாற்றி ராஜினாமா செய்தால் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாண்டுக்குள் என்றால் ஒன்றுமில்லை. எனவேதான், “புதுப்பிக்க விருப்பமில்லை” என்று உரிய காலத்தில் எழுதவேண்டிய இடத்தில், “ராஜினாமா என்று எழுதுங்கள், எல்லாம் ஒன்றுதான்” என்று யாரேனும் சொன்னால் உஷாராக இருக்கவேண்டும். எல்லாம் ஒன்றல்ல.

அதே சவூதிச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. திருமணமான ஆறு மாதத்துக்குள், அல்லது பிள்ளை பெற்ற மூன்று மாதத்துக்குள் வேலையை விடுகிற பெண்ணுக்கு ராஜினாமாவென்றாலும் முழுத்தொகை. கலியாணத்துக்கென்று வேலையை விட்டு வந்த நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

வெளிநாட்டு முதலாளி என்றால் அரபுக்காரன் என்றுதான் நம் கண்முன் படம் விரிகிறது. இந்தியப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளில் பலவற்றை நடத்துகிறவர்கள் இந்தியர்களே. நம் பேச்சைப் பேசுவார்கள். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்வார்கள். கணக்குத் தீர்க்கிற நாளில் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் என்றால் மகிழ்ச்சியே. நாணயமாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாணயத்தை நம்பி மட்டும் கூலியை விட்டுவைக்க முடியாது. சுரண்டுகிறவனுக்கு நாடும் கிடையாது, மொழியும் கிடையாது.

அயல்நாட்டிலிருந்து திரும்புகிற தமிழன் கடைசிக் காசுக்காக அல்லாடுவது இன்று நேற்றைய சங்கதியல்ல. சேலம் மாவட்டத்திலிருந்தும் திருச்சி, தஞ்சையிலிருந்தும் நம் முன்னோர் இலங்கைத் தேயிலைக் காட்டுக்கும் மலேயா ரப்பர்க் காட்டுக்கும் கங்காணியின் பின்னால் போனார்களே, அவர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிரிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று மக்களைத் தலைக்கணக்கில் பங்கு போட்ட ஒப்பந்தம் அது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே செய்த அந்தப் பங்கீட்டின் கொடுமையை நாடறியும்.

ஆயினும் அந்த ஒப்பந்தத்திலேயும் ஒரு விதி இருந்தது. திரும்புகிறவர்கள் கடைசியாகப் புறப்படும்போது, நாட்டின் அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு, தங்கள் உடைமை அனைத்தையும், சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட, எடுத்துச் செல்லலாம். ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக்கூடாது என்று எழுதினார்கள். கொழுந்து பறித்தவளின் கடைசிச் சம்பளம் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட தாளிலே இடம்பெற்றது! வேண்டுமென்றால் அரசாங்கங்களுக்கு எழுதத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலேயாவில் 1951லேயே ஊழியர் சேமநிதி வந்தது. மாதாமாதம் முதலாளியின் பங்கும் தொழிலாளியின் பங்கும் நிதிக்குப் போய்ச் சேர்ந்தன. தோட்டம் கைமாறினாலும் துரை ஓடிப்போனாலும், கட்டிய காசு நிதியிலே இருந்தது. இந்தப் பழைய பாடத்தைத்தான் பஹ்ரைன் 2024 மார்ச்சில் கையிலெடுத்தது. அங்கே தனியார் துறையிலுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான பணி முடிவுத் தொகையை நிர்வாகம் மாதந்தோறும் அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனத்திலே கட்டவேண்டும். முதல் மூன்றாண்டுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 4.2, பிறகு 8.4. விலகுகிறவர் நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டாம். நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். நல்ல வழி! மற்ற நாடுகளிலும் இது கட்டாயமாகவேண்டும் என்பது நம் கோரிக்கை.

இன்னொரு சம்பவத்தையும் நினைவூட்டுகிறோம். 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், ஆசிரியர்களும் கொத்தனார்களும் தாதிகளும், உடுத்த துணியோடு அம்மான் வழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். சம்பளம் போயிற்று, சேமிப்புப் போயிற்று. அடுத்த ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சபை ஓர் இழப்பீட்டு ஆணையத்தை அமைத்தது. அரசாங்கங்கள் தத்தம் குடிமக்களின் மனுக்களைத் திரட்டி அனுப்பின. இந்திய அரசும் அனுப்பியது. ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து பணம் பிடிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் கணக்கை முடித்தபோது, உலகெங்கும் ஏறத்தாழ 15 லட்சம் பேருக்கும் நிறுவனங்களுக்குமாகச் சேர்த்து வழங்கிய தொகை 5,240 கோடி டாலர்! போர்க்களத்திலிருந்து ஓடிவந்தவனின் கூலியைக்கூட ஆண்டுகள் கழித்து மீட்க முடிந்தது. ஏன்? கேட்க ஓர் அரசாங்கம் இருந்தது, காட்டத் தாள் இருந்தது, கூட்டமாகக் கேட்டார்கள்.

2020இல் அப்படி நடந்ததா? கொரோனா வந்தது. மே 7ஆம் நாள் முதல் ‘வந்தே பாரத்’ விமானங்கள் நம் மக்களை ஏற்றிக்கொண்டு வந்தன. ஆளை ஏற்றிவந்த விமானத்தில் அவனுடைய பாக்கிச் சம்பளத்துக்கு இடமில்லை. அந்தக் கோடையிலேயே ஆசியப் புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகள் இதற்குப் பொருத்தமான பெயர் சூட்டின: கூலித் திருட்டு! திரும்புகிறவர்களிடம் விமான நிலையத்திலே காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். பாக்கி உண்டா என்று எல்லோரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ள ஏற்பாடு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அப்படிக் குறித்திருந்தால் 1991இல் செய்ததுபோல் ஒரு பட்டியல் கையில் இருந்திருக்கும்.

பட்டியல் ஏன் இல்லை? இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால், குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அவருடைய வேலை ஒப்பந்தம் அரசின் பார்வைக்கு வரும். பட்டம் பெற்ற ஆசிரியருக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவருக்கு மரியாதை என்று நினைத்தோம். அந்த மரியாதையின் மறுபக்கம் என்ன? அவருடைய ஒப்பந்தம் நம் அரசாங்கத்தின் எந்த அலமாரியிலும் கட்டாயமாக இருக்கவேண்டும் என்பதில்லை. உன்னதப் பணி என்று சொல்லி உரிமையை ஒதுக்கிய அதே கதை, படித்தவர் என்று சொல்லிப் பாதுகாப்பை ஒதுக்குவதாக இங்கே திரும்புகிறது!

தமிழ்நாடு இந்தத் துறையில் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1978இலேயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கண்ட மாநிலம் இது. 2011இல் வெளிநாடு வாழ் தமிழர் நலனுக்கென்றே சட்டம் செய்த மாநிலம் இது. ஆணையரகம் இருக்கிறது, நலவாரியம் இருக்கிறது. இருப்பதை வைத்தே செய்யத்தக்கவற்றைக் கேட்கிறோம்.

முதலாவது, படித்தவரானாலும் படிக்காதவரானாலும் வெளிநாடு போகிற ஒவ்வொருவருடைய ஒப்பந்தத்தின் நகலும் அரசிடம் பதிவாகட்டும். அனுமதி என்ற பெயரில் தடையாக அல்ல, ஆவணம் என்ற அளவில். இரண்டாவது, திரும்பியவர்களின் பாக்கிக் கணக்கைப் பார்த்து மனு எழுதித் தர ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு மேசை வேண்டும். அரபுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரின் உதவி அங்கே கிடைக்கவேண்டும். பனமரத்துப்பட்டிக்காரர் சென்னைக்கு மூன்று முறை ரயிலேறினால், கிடைக்கவேண்டிய பாக்கியில் ஒரு பகுதி ரயிலிலேயே கழியும். மூன்றாவது, 1964இல் எழுதத் தெரிந்த கை இன்றும் எழுதட்டும். வளைகுடா நாடுகளோடு டில்லி செய்யும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், புறப்படுமுன் கணக்குத் தீர்க்கவேண்டும் என்ற விதி ஏறட்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்வது நம் வழக்கமல்ல. அரசு செய்யும்போது செய்யட்டும். தோழர்கள் செய்யவேண்டியது இன்றே இருக்கிறது. ஊரிலே ஒரு பெண் வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறாள் என்றால், வாழ்த்துச் சொல்லிச் சால்வை போடுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் எத்தனை, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, டிக்கெட் யார் செலவு என்று இந்த நான்கையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டிலேயும் இருக்கட்டும். மாதச் சம்பளச் சீட்டை மாதாமாதம் ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

திரும்புகிற நாள் வரும்போது சொல்லவேண்டியது இன்னும் முக்கியம். விலகலை எழுத்திலே கொடு. பெற்றுக்கொண்டதற்கு எழுத்திலே வாங்கு. கணக்குத் தாளைக் கேள். நாளை எண்ணு, விடுப்பை எண்ணு, படியைப் பார். பணம் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூடாதே. பணம் வராமல் மூன்றாம் தாளில் கையெழுத்து வேண்டாம். தவிர்க்கவே முடியாத நெருக்கடி என்றால், கையெழுத்தின் பக்கத்திலேயே, இன்ன தொகைதான் பெற்றேன், இன்ன தொகை வரவேண்டியிருக்கிறது என்று சொந்தக் கையால் எழுதிப் படமெடுத்து வைத்துக்கொள். முடிந்தால் நாட்டைவிட்டுக் கிளம்புமுன்னே அங்குள்ள தொழிலாளர் துறையில் புகாரைப் பதிவு செய். நம்பிக்கையான ஒருவருக்கு அந்நாட்டு முறைப்படி அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வா.

வந்துவிட்டவர்களுக்கும் எல்லாக் கதவும் அடைபட்டுவிடவில்லை. அமீரகத்திலே வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டாண்டு வரை வழக்குக்கு இடமுண்டு; 2024இல்தான் ஓராண்டு இரண்டாண்டாக நீண்டது. 50,000 திர்ஹம் வரையுள்ள தகராறில் தொழிலாளர் அமைச்சகமே முடிவு சொல்லலாம். ஒரு லட்சம் திர்ஹம் வரை கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. சவூதியிலோ பன்னிரண்டே மாதம்தான் கெடு. ஆகவே, “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது முதலாளிக்குச் சாதகமான சொல். காலம் அவன் பக்கம் ஓடுகிற குதிரை.

கடைசியாக ஒரு சுயவிசாரணை. அக்கரையைச் சுட்டுகிற விரல் இக்கரையையும் சுட்டவேண்டும். நம் ஊரிலேயே ஆசிரியரின் அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, வேலையை விடும்போது கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் சான்றிதழைத் திருப்பித் தருகிற தனியார் நிர்வாகங்கள் இல்லையா? இங்கே குனியப் பழக்கப்பட்ட முதுகுதான் அங்கேயும் குனிகிறது. இங்கே கணக்குக் கேட்கப் பழகிய ஆசிரியை அங்கேயும் கணக்குக் கேட்பாள். ஆகவே இந்தப் போராட்டம் துபாயில் தொடங்குவதல்ல. நம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் தொடங்குவது.

அடுத்த கல்வியாண்டு முடியும்போதும் விமானங்கள் வந்து இறங்கும். பனமரத்துப்பட்டிச் சாலையிலே ஒரு வாடகைக் கார் வந்து நிற்கும். பெட்டியை இறக்குகிற தகப்பன், பத்தாண்டு லாரி ஓட்டிப் படிக்கவைத்தவன், “கண்ணு, எல்லாக் கணக்கும் முடிச்சு வாங்கிட்டியா?” என்று கேட்பான். “வாங்கிட்டேங்கப்பா” என்று தலைநிமிர்ந்து சொல்கிற பிள்ளை வேண்டும் நமக்கு. அந்த ஒரு வார்த்தைக்காகச் சட்டம் படிப்போம், சங்கம் சேர்ப்போம், அரசின் கதவைத் தட்டுவோம். அதுவரை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு சொல்லி வைப்போம்:

காசு கைக்கு வரட்டும், கையெழுத்து பிறகு!